பழைய காடியை வாடகைக்கு எடுக்கலாம். பழைய காலத்தை எடுக்க முடியுமா?

நம் நாட்டில் இப்போது ஒரு பழக்கம் பரவி வருகிறது. நன்றாகப் பழுது பார்த்து, சாயம் அடித்து, பளபளவென்று வைத்திருக்கும் பழைய காடிகளை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். மோரிஸ் மைனர், வோக்ஸ்வேகன் பீட்டல், பழைய மெர்சிடிஸ் எல்லாம் கிடைக்கின்றன. முன்பு கல்யாணத்துக்கு மட்டும் எடுத்தார்கள். இப்போது சும்மா ஒரு நாள் கம்பத்துப் பக்கம், தோட்டத்துப் பக்கம் போய்வரவும் எடுக்கிறார்கள். பிளஸ் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, ரவாங், கோலகுபு பாரு, தஞ்சோங் மாலிம் வழியாகப் பழைய சாலையில் மெதுவாகப் போவது. ஒட்டுக்கடையில் பசியாறுவது. மரத்தடியில் நின்று படம் பிடிப்பது. சாயங்காலம் திரும்பி வருவது. செலவு சில நூறு வெள்ளி.

எங்கள் மன்றத்தில் நாலைந்து பேர் இப்படி ஒரு பயணம் போகத் திட்டம் போட்டோம். என் பாட்டியையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவர் சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பேச்சு தொடங்கிய அன்றே வாக்குவாதமும் தொடங்கிவிட்டது. இரண்டு வாரம் ஓயவில்லை. விளையாட்டுப் பேச்சாக ஆரம்பித்தது, போகப் போக ஓர் அறக் கேள்வியாக மாறிவிட்டது. அதனால்தான் அதை இங்கே எழுதுகிறேன்.

மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினார்கள்.

ஒருவர் காசுக் கணக்குப் பார்த்தார். "இந்தக் காசுக்கு நம்ம டியூஷன் வகுப்பு பிள்ளைங்களுக்கு பயிற்சி புத்தகம் வாங்கலாமே. ஒரு நாள் கூத்துக்கு ஏன் இவ்வளவு செலவு?" என்றார்.

மன்றச் செயலாளர் அண்ணன் வேறு கட்சி. "எதுக்கெடுத்தாலும் கணக்கும் வரலாறும் பேசிக்கிட்டு இருந்தா எங்கேயுமே போக முடியாது. நல்ல காடி, நல்ல ரோடு, நல்ல காத்து. அனுபவிச்சுட்டு வருவோம், அவ்வளவுதான்."

கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கைதான் கடுமையாகப் பேசினாள். "அது தொரைங்க காலத்து காடிண்ணே. அந்தக் காடி வந்தா நம்ம தாத்தா பாட்டிங்க ஓரமா ஒதுங்கி, தலைய குனிஞ்சு நின்னாங்க. அதுல ஏறி உக்காந்து சிரிச்சு போட்டோ எடுத்தா, அது அவங்கள கேலி பண்ற மாதிரி இல்லையா?"

மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

காசுக் கணக்கு நியாயமானதுதான். ஆனால், அந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் போடலாம். நாம் குடிக்கும் ஒவ்வொரு தே தாரேக்குக்கும், பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் போடலாம். "இந்தக் காசுக்கு இதைவிட நல்லது செய்திருக்கலாம்" என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. நம் முன்னோர் அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கையும் சேர்த்துத்தான் வாழ்க்கைக்கு உறுதிப்பொருளாகச் சொன்னார்கள். இன்பத்தை அவர்கள் விலக்கவில்லை. அறத்தின் வேலிக்குள் அது நிற்க வேண்டும், அவ்வளவுதான். கடன் வாங்காமல், பிறர் பங்கை எடுக்காமல், தன் உழைப்பில் ஒரு நாள் மகிழ்ச்சியாக இருப்பது பாவமாகாது. ஆகவே, காசு இங்கே கேள்வியை முடிவு செய்யாது.

அடுத்து அண்ணன் சொன்ன இன்பம். அவர் சொன்னதில் பாதி உண்மை. காற்று முகத்தில் படுவதற்கு வரலாறு தேவையில்லை. ஆனால், நாம் "காற்று வாங்கப் போகிறோம்" என்று மட்டும் சொல்லவில்லையே. காற்று வாங்க மைவி போதும். "அந்தக் காலத்துக்குப் போகிறோம்" என்று சொல்லித்தான் பழைய காடியைத் தேடுகிறோம். படத்தின் கீழே "அது ஒரு பொற்காலம்" என்று எழுத நினைக்கிறோம். இந்த இடத்தில் நாம் இன்பத்தைத் தாண்டி வேறொன்றுக்குள் நுழைந்துவிடுகிறோம். இன்பத்துக்குச் சாட்சி தேவையில்லை. "அந்தக் காலம் இப்படி இருந்தது" என்று சொன்னால் அது ஒரு கூற்று. கூற்று என்றால் மெய்யா பொய்யா என்ற கேள்வி வரும். வாய்மை நம் சமயத்தின் முதல் பாடங்களில் ஒன்று. அதற்கு விடுமுறை நாள் கிடையாது.

அந்தக் காலம் எப்படி இருந்தது? மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த அந்தக் காடி இங்கிலாந்தில் வெளிவந்த ஆண்டு 1948. அதே 1948ல்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. தோட்ட லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். ஊரடங்கு இருந்தது. அரிசிக்கும் அளவு இருந்தது. இன்று நாம் அமைதியான பழைய சாலை என்று ரசிக்கும் பாதையில் அன்று பயந்து பயந்து போனார்கள். கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் அழகான சாலையில்தான் 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போனதும் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காடி.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், 1942 ஜனவரி 7ஆம் நாள் ஜப்பானிய டாங்கிகள் இதே பழைய சாலை வழியாக ட்ரோலாக்கையும் சிலிம் ரிவரையும் உடைத்துக்கொண்டு இறங்கின. எதிர்த்து நின்ற படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். அதன் பிறகு தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்களின் பெயர்கள்கூட பல குடும்பங்களில் இன்று மிஞ்சவில்லை.

இதையெல்லாம் சொன்னதும், "அப்போ போகவே கூடாதா?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. சாலை தெரிந்து போக வேண்டும் என்கிறேன்.

இப்போது தங்கை சொன்னதற்கு வருகிறேன். மூன்றில் கனமானது அவள் வாதம்தான். ஒருவரை அடக்கி வைத்த காலத்தின் அடையாளத்தை அவருடைய பேரப்பிள்ளைகள் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளலாமா? அவளுடைய கோபத்தில் முன்னோர் மீதுள்ள மரியாதை இருக்கிறது. அதை யாரும் தள்ளிவிட முடியாது. ஆனாலும், எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அந்த முன்னோரில் ஒருவர் எங்கள் வீட்டிலேயே, நடு ஹாலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக நாம் கோபப்படும் முன், அவரைக் கேட்க வேண்டாமா?

கேட்டேன். பாட்டி யோசிக்கவே இல்லை. "வரேன்டா. அதுல ஒரு வாட்டி உக்காந்து பாக்கணும்" என்றார்.

போனோம். 1959ஆம் ஆண்டுக் காடி. 948 சிசி இன்ஜின். திரும்பும்போது விளக்கு எரியாது. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். காடியின் சொந்தக்காரரே ஓட்டி வந்தார். அடித்தகரம் முழுவதும் புதிதாக வெல்டிங் செய்தது, ஒயர் எல்லாம் மாற்றியது, பிரேக் மாற்றியது, இருக்கைத் தோல் போன வருஷம் தைத்தது என்று வழிநெடுக விளக்கிக்கொண்டே வந்தார். சிலர் ஜப்பான் இன்ஜினையே தூக்கி வைத்துவிடுவார்களாம். இவர் அதை மட்டும் செய்யவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. 70 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பாட்டி முன் இருக்கையில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கச் சொன்னார். உள்ளே மேலும் கீழும் பார்த்தார். தஞ்சோங் மாலிம் தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இவ்ளோதானா? உள்ள இவ்ளோ சின்னதாவா இருக்கும்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கதை வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாத கதை. 1967ல் பெரியம்மா கைக்குழந்தை. ராத்திரி கடுமையான காய்ச்சல், வலிப்பு. வெளியே மழை. தோட்டத்து ஆபீஸில் வேலை செய்த ஒரு கிராணியிடம் இதே மாதிரி ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. தாத்தா போய் வாசலில் நின்று கெஞ்சினார். காடி ரிப்பேர் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. தாத்தா சைக்கிளில், பாட்டி பின்னால் குழந்தையைப் பிளாஸ்டிக் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, இருட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தை பிழைத்தது. ஆனால், பெரியம்மாவுக்கு இன்றுவரை ஒரு காது கேட்காது. மறுநாள் காலை பாட்டி திரும்பி வரும்போது அந்தக் காடி அவரைத் தாண்டிப் போனது.

"அந்தக் கிராணி வெள்ளக்காரனா பாட்டி?" என்று தங்கை கேட்டாள்.

"வெள்ளக்காரனா? நம்ம ஆளுதான்மா. தமிழ்தான்" என்றார் பாட்டி.

காடிக்குள் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சொந்தக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். தங்கைக்குத்தான் அதிகம் உறைத்திருக்க வேண்டும். அவள் வாதத்தில் துரை ஒரு பக்கம், நாம் மறு பக்கம். பாட்டி சொன்ன கதையில் அந்தக் கோடு நம் நடுவிலேயே ஓடியது.

அது மட்டுமில்லை. மோரிஸ் மைனர் பெரிய துரைகளின் வண்டி என்பதைவிட, மாதச் சம்பளம் வாங்கிய கிராணி, டிரெஸ்ஸர், பள்ளி ஆசிரியர் போன்றவர்கள் ஆசைப்பட்டு, சேர்த்து வைத்து வாங்கிய சின்னக் காடி. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அதை வாங்கியபோது லயத்துப் பிள்ளைகள் "நம்ம வாத்தியார் காடி" என்று பின்னால் ஓடியதும் உண்மை. எங்கள் பாட்டிக்குக் கதவைச் சாத்தியதும் அதே மாதிரிக் காடிதான். ஒரே பொருளுக்குள் ஒருவருடைய பெருமையும் இன்னொருவருடைய காயமும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது பாதி உண்மை.

தங்கை கடைசியில் கேட்டாள்: "இவ்வளவு நடந்திருக்கு. அப்புறம் எப்படி பாட்டி இதுல ஏறணும்னு ஆசைப்பட்டீங்க?"

பாட்டி சிரித்தார். "காடி என்னம்மா பண்ணும், பாவம். ஓட்டுறவன் மனசு வைக்கணும்."

அவர் உபநிடதம் படித்தவர் அல்ல. ஆனால், நமது சமய வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் கடோபநிடதத் தேர் உவமை எனக்கு அப்போதுதான் உண்மையில் புரிந்தது. எமதர்மன் நசிகேதனுக்குச் சொல்வது அது. உடம்பு தேர். ஆன்மா தேருக்கு உடையவன். புத்தி சாரதி. மனம் கடிவாளம். புலன்கள் குதிரைகள். தேர் நல்லதா கெட்டதா என்று அங்கே விவாதமே இல்லை. சாரதி விழித்திருக்கிறானா, கடிவாளம் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பழைய காடிக்கும் அதுவே பொருந்தும். அது புனிதமும் இல்லை, தீட்டும் இல்லை. அதில் ஏறும்போது நம் கடிவாளத்தை எது இழுக்கிறது? கண்ணுக்கு இதமான படமா, இல்லை, உண்மையை அறியும் ஆசையா?

இந்த இடத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பழையவற்றில் எது மிஞ்சுகிறது? காடி மிஞ்சியது. ஏன்? அதை வாங்கக் காசு இருந்தவர்கள் இருந்தார்கள். கொட்டகை கட்டி மூடி வைக்க இடம் இருந்தது. இன்று பணம் போட்டுச் சரிசெய்ய ஆளும் இருக்கிறது. நாங்கள் போன தோட்டத்தில் பலகை லயங்கள் ஒன்றுகூட இல்லை. கித்தா மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. ஆயாக்கொட்டகை இருந்த இடம் புல். பெரட்டுக் களம் எது என்று பாட்டிக்கே சரியாகத் தெரியவில்லை. சின்ன மாரியம்மன் கோயில் ஒன்று மட்டும் தகரக் கூரையோடு நின்றது. பாட்டி அதைப் பிடித்துக்கொண்டுதான் திசை கண்டுபிடித்தார். "இங்கேருந்து இடது கைப் பக்கம் நாலாவது வீடு நம்ம வீடு" என்று ஒரு செம்பனை மரத்தைக் காட்டினார்.

மோரிஸ் மைனரைத் தேய்த்துப் பளபளப்பாக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாட்டியின் பால்வெட்டுக் கத்தியை யார் எடுத்து வைத்தார்கள்? ஆயுதபூஜை அன்று அந்தக் கத்தியைக் கழுவி, பொட்டு வைத்துக் கும்பிட்டவர்கள் நம் வீட்டார்தான். இன்று ஆயுதபூஜைக்குக் காடிக்குப் பொட்டு வைத்து எலுமிச்சை நசுக்குகிறோம். கத்தி எங்கே போனது என்று தெரியாது. சொத்து உள்ளவனின் பொருள்தான் காலத்தைத் தாண்டி வருகிறது. பொருளை மட்டும் வைத்துப் பழைய காலத்தைப் பார்த்தால், பொருள் வைத்திருந்தவன் கண்ணால்தான் பார்ப்போம். இல்லாதவனுடைய காலம் பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. பேச்சு நின்றால் அதுவும் போச்சு.

பழுது பார்ப்பது என்ற வேலையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. காடியில் துரு பிடித்தால் சுரண்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து, சாயம் பூச வேண்டும். அது சரியான வேலை. துருவோடு ஓட்டினால் ஆபத்து. ஆனால், நினைவுக்கு அதே வேலையைச் செய்தால், துருவோடு சேர்ந்து செய்தியும் போய்விடும். எங்கள் குடும்பக் கதையில் அந்த மழை ராத்திரிதான் துரு. அதைச் சுரண்டிவிட்டால் "தாத்தா காலத்துல தோட்டத்துல எல்லாரும் ஒரே குடும்பமா சந்தோஷமா இருந்தாங்க" என்ற பளபளப்பான வாக்கியம் மட்டும் மிஞ்சும். அதிலும் உண்மை இருக்கிறது. திருவிழா உண்டு, கூத்து உண்டு, ஒருவர் வீட்டுச் சாவுக்கு லயமே அழுததும் உண்டு. 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டம் தோட்டமாகப் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துச் சேர்ந்தவர்களும் அந்த மக்கள்தான். தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்ட நேரத்தில், கையில் இருந்த அந்தக் கொஞ்சக் காசை ஒன்றாகப் போட்டு நிலம் வாங்க முடியும் என்று நம்பினார்கள். அந்தப் பெருமையையும் துருவோடு சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் மரபு மூன்று கடன்களைச் சொல்கிறது. தேவர் கடன், ரிஷி கடன், பித்ரு கடன். திருவள்ளுவரும் இல்லறத்தான் காக்க வேண்டிய ஐந்து பேரில் முன்னோரைத்தான் முதலில் வைக்கிறார். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். அது கடனைச் செலுத்தும் ஒரு முறை. ஆனால், கடன் என்று ஒன்று இருந்தால், எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? தாத்தா என்ன பட்டார் என்று தெரியாமல் அவருக்கு எப்படிக் கடனைச் செலுத்துவது? ஏக்கம் என்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் இனிப்பு. நினைவு என்பது அவர்களுக்கு நான் செலுத்துவது. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். அதே காடி, அதே சாலை, அதே படம். உள்ளே யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "உங்களுக்குப் பாட்டி இருந்தார், அதனால் பயணத்துக்குப் பொருள் வந்தது. பாட்டி இல்லாதவர்கள் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. பாட்டி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி இருப்பார். கோயிலில் மாலை கட்டும் அம்மா இருப்பார். அந்தத் தோட்டத்துக் கோயில் பூசாரி இருப்பார். யாருமே இல்லாவிட்டாலும், தெரியாததைத் தெரிந்ததுபோல் "பொற்காலம்" என்று எழுதாமல் இருக்கலாம். அதுவும் ஒரு வாய்மைதான். அப்படி எழுதாமல், சும்மா காற்று வாங்கப் போனோம் என்று சொல்லிவிட்டுப் போனாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆகவே, தம்பி தங்கைகளே, பள்ளி விடுமுறைக்குப் பழைய காடி எடுக்க ஆசைப்பட்டால் எடுங்கள். ஆனால், நீங்களும் உங்கள் நண்பர்களும் உட்கார்ந்த பிறகு மிச்ச இடத்தைப் பெரியவருக்குக் கொடுக்காதீர்கள். முதலில் அவரிடம் போய், வருகிறீர்களா என்று கேளுங்கள். வரமாட்டேன் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்காகவே பயணத்தை விட்டுக்கொடுக்கலாம். வந்தால், முன் இருக்கையை அவருக்குக் கொடுங்கள். போனைப் படம் பிடிக்க எடுப்பதற்கு முன், அவர் குரலைப் பதிவு செய்ய எடுங்கள். அவர் சொல்லும் பெயர்களையும் வருஷங்களையும் அன்று ராத்திரியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் சொல்வது நீங்கள் எதிர்பார்த்த கதையாக இல்லாவிட்டால், குறுக்கே பேசித் திருத்தாதீர்கள். துரைமேல் வைத்திருந்த கோபம் நம் ஆள்மேல் திரும்பினாலும், பொற்காலம் என்று நினைத்தது கண்ணீராக வந்தாலும், கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மன்றப் பலகையில் அந்தப் பயணத்தின் படம் ஒன்று இப்போது இருக்கிறது. செயலாளர் அண்ணன் முதலில் எழுதி வைத்திருந்த வாசகத்தை அவரே எடுத்துவிட்டார். தங்கைதான் புதிதாக எழுதினாள்: "22 வருஷம் பால் மரம் வெட்டிய பாட்டி." காடியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

வாடகைக் காடியைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்னோர் பட்ட கடனுக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது. அதை அடைக்க நமக்கு உதவக்கூடியவர்கள் பலருக்கு இப்போது எண்பது வயது. அடுத்த தீபாவளிக்கு என்று தள்ளி வைக்காதீர்கள். இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.